ஜார்ஜியா எழுத்துருவின் தடித்த சாய்வு வடிவத்தை எங்கே பயன்படுத்தலாம்?

தலைப்பு, எடுப்பாகக் காட்ட வேண்டிய ஒரு வரி, ஆங்கில அழைப்பிதழில் மணமக்கள் பெயர். இவ்வளவுதான். பத்தி முழுக்கப் போட்டால் கண் வலிக்கும்.

ஜார்ஜியாவை மேத்யூ கார்ட்டர் கணினித் திரைக்கென்றே வடிவமைத்தார். மைக்ரோசாஃப்ட் 1996-இல் வெளியிட்டது. இதன் தடித்த சாய்வு, நிமிர்ந்த எழுத்தைச் சும்மா சரித்து வைத்ததல்ல. ஆங்கிலச் சிறிய 'ஏ'யைப் பாருங்கள்: நிமிர்ந்த வடிவில் தலைக்கு மேல் ஒரு கொக்கி வளையும், சாய்வில் அது போய், கையால் எழுதியதுபோல வெறும் வயிறோடு நிற்கும். பல எழுத்துகளில் காலடிக் கட்டைகளும் (கோடு முடியும் இடத்தில் உள்ள சிறு குறுக்குக் கோடுகள்) வளைந்த வால்களாகிவிடும். அதனால்தான் இத்தனை தடிமனிலும் முரட்டுத்தனம் தெரிவதில்லை.

ஒன்று கவனியுங்கள்: எண்கள் ஏறி இறங்கி நிற்கும். 1947 என்று அடித்தால் 9, 4, 7 மூன்றும் கோட்டுக்குக் கீழே தொங்கும். விலைப்பட்டியலுக்கு நான் இதைத் தொடவே மாட்டேன்.