வீட்டுக்கு முதல் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிந்த குடும்பம் முதன்முதலாகக் கார் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையிலிருந்த ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலை ஏறியதே தவிர, கார்கள் புதிதாகிவிடவில்லை. ஆகவே கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி பாவித்த கார்களைப் பற்றியது.

கேள்வி: நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வருத்தமுள்ள அம்மா. ஜப்பான் வாகன்ஆர், பெரொடுவா அக்சியா, அல்ரோ 800 மூன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். கேட்கிற எல்லாரும் வாகன்ஆரைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். மாதத்தில் ஒருதரம் வவுனியா போய்வர வேண்டும். எதை எடுக்கலாம்? (கொக்குவில்)

பதில்: நீங்கள் ஐந்து பேர். அந்த ஒரு காரணத்துக்காகவே வாகன்ஆரை விட்டுவிடுங்கள். ஜப்பானிலிருந்து வரும் வாகன்ஆர் அந்த நாட்டின் 'கே' வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்புக்கு எல்லை 660 சிசி எஞ்சின், 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், நான்கு ஆசனம். பின்னால் இரண்டு பேருக்குத்தான் பெல்ற் இருக்கும். காரின் சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) ஆசன எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். பின்னால் மூன்று பேர் நெருக்கி இருக்கலாம்தான், ஆனால் நடுவில் இருக்கும் பிள்ளையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. விபத்தென்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்கப் போவதும் எத்தனை பேர் ஏறினீர்கள் என்பதைத்தான்.

வாகன்ஆரைக் குறை சொல்வதாக எடுக்க வேண்டாம். நான்கு பேருள்ள வீட்டுக்கு அது மிக நல்ல கார். கூரை உயரம், ஆசனமும் உயரம், முழங்கால் நோவுள்ளவர் குனிந்து இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி இருந்துவிடலாம். ஒரு பிள்ளையுள்ள வீடென்றால் என் பதிலும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அல்ரோ 800இல் ஐந்து பேர் என்று பதிவு இருக்கும். ஆனால் 796 சிசி எஞ்சின், 3.43 மீற்றர் நீளம். பின்னால் ஒரு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கலாம், பிள்ளைகள் வளர்ந்தபின் முடியாது. யாழ்ப்பாணத்துக்குள் ஓட அது போதும். வவுனியாவுக்குப் போகும் ஏ9 வீதியில் ஐந்து பேரோடு ஏசியும் போட்டுக்கொண்டு ஒரு பஸ்ஸை முந்துவதற்கு அந்த எஞ்சினிடம் பலம் மிச்சமிருக்காது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இந்தியாவில் விற்கப்பட்ட, ஏர்பாக் இல்லாத அல்ரோ 800ஐ 2014இல் கார்ப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்.சி.ஏ.பி. அமைப்பு மோதிப் பார்த்தபோது பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆசியான் என்.சி.ஏ.பி. சோதித்த அக்சியாவுக்கு நான்கு நட்சத்திரம். இரண்டும் வெவ்வேறு அமைப்புகள், சோதனை முறைகளும் வேறு, அதனால் எண்ணோடு எண்ணை ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் தெரிவுசெய்ய வேண்டும்.

ஆகவே உங்கள் மூன்றில் அக்சியா. எஞ்சின் 998 சிசி, வவுனியாப் பயணத்துக்கு அது தாங்கும். அதே வரிசையில் ஆயிரம் சிசி விற்ஸ், செலேரியோ கிடைத்தாலும் பாருங்கள். ஒரே மொடலிலும் தரத்துக்குத் தரம் ஏர்பாக், ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் பிறேக் பிடிக்கும் ஏற்பாடு) வேறுபடும் என்பதால் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பும்போது ஏர்பாக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரிந்தபடியே நின்றால் பழுது. தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால், பழுதை மறைக்க யாரோ பல்ப்பைக் கழற்றியிருக்கலாம்.

முடிவெடுக்கும் முன் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நண்பகலில் போங்கள். ஐந்து பேரும் ஏறி, ஏசியைப் போட்டு, ஓடாமல் நின்றபடியே பத்து நிமிடம் விடுங்கள். பின் ஆசனத்துக்குக் குளிர் வருகிறதா, எஞ்சின் சூடேறுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு அதே பாரத்தோடு உங்கள் ஒழுங்கையின் வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தனி ஆளாக ஓட்டும்போது அடி தட்டாத கார் ஐந்து பேரோடு தட்டும்.

கேள்வி: தீவுப்பகுதியில் ஒருவர் பத்து வருடமாக ஓடிய காரைக் குறைந்த விலைக்குத் தருகிறார். பெயின்ற் புதுசு போல மினுங்குகிறது. மைலேஜும் குறைவு. எடுக்கலாமா? (வேலணை)

பதில்: மினுங்குவது மேலே. நீங்கள் பார்க்க வேண்டியது கீழே. யாழ்ப்பாணத்தையும் தீவுப்பகுதியையும் இணைக்கும் பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வந்த காருக்கு இரண்டு பக்கமும் கடல். காற்றோடு வரும் உப்பு அடித்தகட்டில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளித்தகடு வெயிலில் காய்ந்துவிடும், பெட்டிபோல் மூடியிருக்கும் உள்பகுதி காயாது. அதனால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்றில் சின்னக் கொப்புளமாகத் தெரியும் நேரத்தில் உள்ளே தகடு பாதி போயிருக்கும்.

காரைத் தூக்கிப் பார்க்கும் வசதியுள்ள கராஜுக்கோ, சேர்விஸ் குழியுள்ள இடத்துக்கோ கொண்டுபோங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். ரோச் லைற்றோடு பாருங்கள்: கதவுகளுக்குக் கீழே ஓடும் நீளப்பெட்டி, ஜாக்கி வைக்கும் இடங்கள், பின்சில்லு வளைவின் உள்விளிம்பு, டிக்கியில் மாற்றுச் சில்லு இருக்கும் குழி, முன் ஷொக் அப்சோபரின் மேல் முனை பூட்டிய இடம், பின்பக்கம் போகும் பிறேக் எண்ணெய்க் குழாய்கள். ஸ்குறூட்றைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், உக்கியது மந்தமாகச் சொல்லும். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடியிலும் சில்லு வளைவிலும் நகர்த்துங்கள். பிடி விடுகிற இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி வைத்துப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் மகிழ வேண்டாம். துருவைச் சுரண்டாமல் பூசினால் அது பூச்சுக்கு அடியில் தொடர்ந்து அரிக்கும். விற்பதற்கு முதல் வாரம் பூசிய பூச்சுக்கு வேறு நோக்கம் பெரும்பாலும் இருக்காது.

எல்லாத் துருவும் பயப்பட வேண்டியதில்லை. புகைக்குழாய், நட்டுகள், ஹப் ஆகியவற்றில் மேலோட்டமான பழுப்பு நிறம் நம் ஊரில் சாதாரணம். பிறேக் குழாய் அரித்திருந்தால் மாற்றலாம், அந்தச் செலவை விலையில் குறையுங்கள். சஸ்பென்ஷன் பூட்டும் இடமோ, ஜாக்கி வைக்கும் இடமோ, பெல்ற் நங்கூரம் பூட்டிய தகடோ உக்கியிருந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். ஒட்டு வைத்தாலும் அந்த இடம் பழைய பலத்துக்கு வருவதில்லை.

2025 நவம்பர் வெள்ளத்தில் நாட்டின் பல பகுதிகளில் கார்கள் மூழ்கின. தெற்கிலிருந்து வரும் கார் என்றால் பெல்றை முழுவதுமாக இழுத்துக் கடைசி முனையைப் பாருங்கள், சேற்றுக்கோடு இருக்கும். ஆசனத்துக்கு அடியிலுள்ள ஆணிகள், டாஷ்போர்ட்டின் கீழ் வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். மைலேஜ் எண்ணை நம்ப வேண்டாம். பிறேக் மிதியின் ரப்பர் தேய்வு, ஸ்டியரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் ஆசனத்தின் ஓரம் மூன்றும் அதைவிட உண்மை சொல்லும்.

கேள்வி: ஓட்டோவை விற்றுவிட்டு பஜாஜ் கியூற் எடுக்கலாமா? நான்கு சில்லு, கதவு, கூரை எல்லாம் இருக்கிறதே. (சாவகச்சேரி)

பதில்: ஓட்டோவை விட மழைக்கும் வெயிலுக்கும் நல்லது. ஒரு சிலிண்டர், 216 சிசி, நான்கு பேர், உச்ச வேகம் மணிக்கு 70 கி.மீ. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது போதும். கார் என்று நினைத்து ஏ9இல் குடும்பத்தோடு கொழும்புக்கு ஏறவேண்டாம். 2016இல் யூரோ என்.சி.ஏ.பி. சோதித்தபோது கிடைத்தது ஒரு நட்சத்திரம். உங்கள் காசு நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய அல்ரோவுக்கு எட்டுமென்றால் அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: விற்பவர் 'ஓப்பின் பேப்பர்' என்கிறார், அதற்காக விலை குறைக்கிறார். 15 இலட்சம் லீசிங் போட வேண்டும். ஓரிடத்தில் 14 வீதம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் அதைவிடக் கூட. குறைந்ததை எடுக்கலாம்தானே? (நெல்லியடி)

பதில்: இரண்டிலும் நிதானம் தேவை.

ஓப்பின் பேப்பர் என்றால் சி.ஆர். புத்தகத்தில் பெயருள்ளவர் கையெழுத்து வைத்த மாற்றப் படிவம் கைக்குக் கை வருகிறது, இடையில் வாங்கி விற்றவர்கள் தங்கள் பெயருக்கு மாற்றவில்லை. பதிவில் உள்ளவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம், கையெழுத்துப் பிசகலாம். பிறகு நீங்கள் அலைய வேண்டிவரும். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரே எம்.டி.ஏ. 6 படிவத்தில் உங்கள் முன்னால் கையெழுத்து வைக்கட்டும். அவருடைய அடையாள அட்டையையும் பாருங்கள். சி.ஆரில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததென்ற கடிதம் மட்டும் போதாது, அந்தப் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட வேண்டும். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். கடைசி வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காலாவதியாகியிருந்தால், ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேளுங்கள். காசை வங்கி மூலம், பதிவில் உள்ளவரின் கணக்குக்கே போடுங்கள்.

இனி லீசிங். '14 வீதம்' என்றால் எந்த 14 என்று கேட்க வேண்டும். குறையும் நிலுவைக்கு வட்டி என்றால் 15 இலட்சத்துக்கு 48 மாதத்தில் தவணை ஏறக்குறைய 40,990 ரூபா. தொடக்கத் தொகைக்கே நான்கு வருடமும் வட்டி போடும் 'பிளாற் ரேற்' என்றால் வட்டி மட்டும் 8 இலட்சத்து 40 ஆயிரம், தவணை 48,750 ரூபா. இரண்டும் 14 வீதம்தான், முடிவில் வித்தியாசம் 3 இலட்சத்து 72 ஆயிரம். ஆகவே வீதத்தை விடுங்கள். தவணை எவ்வளவு, எத்தனை மாதம், ஆவணக் கட்டணம் எவ்வளவு, இடையில் முழுதாகக் கட்டினால் எவ்வளவு கழிப்பார்கள் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கி, மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

கையிலுள்ள காசு முழுவதையும் முற்பணமாகக் கொட்டிவிட வேண்டாம். ரயர், பற்றறி, எண்ணெய்கள், காப்புறுதிக்கென்று கார் விலையில் பத்தில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். ரயரின் பக்கத்திலுள்ள நான்கிலக்கம் உற்பத்தித் திகதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பூ தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த ரயரின் ரப்பரில் நம் வெயிலுக்கு வெடிப்புகள் விழுந்திருக்கலாம். நான்கையும் மாற்றும் செலவை விலை பேசும்போதே சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுக்கூரையில் சோலர் இருக்கிறது. பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் மலிவாக வருகிறது. எடுக்கலாமா? (திருநெல்வேலி)

பதில்: முதல் தலைமுறை லீஃபில் பெரும்பாலும் 24 கிலோவாற் மணி பற்றறி. அதைக் குளிர்விக்கத் தனியான ஏற்பாடு இல்லை, ஆகவே வெயில் நாடுகளில் விரைவாகத் தளர்கிறது. சார்ஜ் காட்டும் மானியின் வலது ஓரத்தில் உள்ள சின்னக் கோடுகளை எண்ணுங்கள். புதிதில் 12. எட்டாகிவிட்டால் மிச்சம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொள்ளளவுதான். அப்படிப்பட்ட கார் நகரத்துக்குள் ஓட நல்லது. பகலில் வீட்டில் நிற்குமென்றால் சோலரும் கைகொடுக்கும். வவுனியாவுக்கு ஒரே சார்ஜில் போய்ச் சேராது. வீட்டில் இருக்கும் ஒரே வாகனம் இதுவென்றால் வேண்டாம்.

கேள்வி: கார் வாங்கிவிட்டோம். அடிக்கடி றேடியேற்றருக்குத் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா? (உரும்பிராய்)

பதில்: விடவே கூடாது. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் உள்ளவை. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. அதற்குப் பிறகும் ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளையும், அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கஸ்கற் போகும்.

அதோடு, அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ போகிறது. எஞ்சின் நன்றாக ஆறியபின் றேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் ஓடும்போது குமிழி தொடர்ந்து வந்தாலோ, எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்போன்ற களி இருந்தாலோ ஹெட் கஸ்கற்றைச் சந்தேகியுங்கள். இவை இல்லையென்றால் ஹோஸ், வாட்டர் பம்ப், மூடியின் ரப்பர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுக்கை நிறுத்தியபின் பழைய தண்ணீரை முழுதாக இறக்கி, வடித்த நீரால் தெளிவு வரும்வரை கழுவி, உங்கள் காரின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ரை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நிரப்புங்கள். அடர்த்தியான கூலன்ர் என்றால் போத்தலில் சொன்ன அளவில் வடித்த நீர் கலக்க வேண்டும். அதுவரை வெளியூர்ப் பயணம் வேண்டாம். அவசரத்துக்குக் கடையில் விற்கும் வடித்த நீர்ப் போத்தல் இரண்டை டிக்கியில் வைத்திருங்கள்.