முதலில் தாள், பிறகு வண்ணம்

கேள்வி: ஆறு மாதங்களாக நீர்வண்ணம் பழகி வருகிறேன். 36 நிறங்கள் கொண்ட மாணவர் தரப் பெட்டியும் சாதாரண வரைதாளும் வைத்திருக்கிறேன். வானம் தீட்டினால் திட்டுத்திட்டாக நிற்கிறது, தாளும் அலையலையாக எழும்புகிறது. ஓவியர் தர வண்ணங்கள் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகாது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் தாளினால் வந்தவை. நீர்வண்ணத்துக்கென்றே செய்யப்படும் தாளில் ஜெலட்டினோ அதைப் போன்ற வேறு பசையோ ஏற்றப்பட்டிருக்கும். அந்தப் பசைதான் நீரை உடனே உள்ளே இழுத்துக்கொள்ளாமல் சற்று நேரம் மேலே தேங்க விடுகிறது. அந்த ஈரம் இருக்கும்போதுதான் ஒரு நிறம் மற்றொன்றில் இளகிக் கரைந்து வானமாகிறது. சாதாரணத் தாளோ தூரிகை பட்ட இடத்திலேயே நீரைக் குடித்துவிடுவதால், அடுத்த இழுப்பு வந்து சேர்வதற்குள் முந்தைய இழுப்பின் ஓரம் காய்ந்து கோடாகிவிடுகிறது.

ஆகவே, செலவழிக்க நினைக்கும் பணத்தைத் தாளில் போடுங்கள். முழுவதும் பருத்தியால் ஆன, அமிலமற்ற, 300 ஜி.எஸ்.எம். தாளாகப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள்; இந்தக் கனமுள்ள தாள் எளிதில் அலையலையாக எழும்பாது. மிதமான சொரசொரப்புள்ள கோல்ட் பிரஸ் வகை பழகுவதற்கு ஏற்றது. வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் நீரை அடக்கி ஆள்வது தொடக்கத்தில் கடினம். முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டு இரண்டு பக்கத்திலும் தீட்டினால் 16 பயிற்சிகள் கிடைக்கும். நல்ல தாளை நல்ல படத்துக்கென்று எடுத்து வைத்துவிட்டு மட்டமான தாளில் பழகுவோர் பலர். மட்டமான தாளில் பழகிய கைக்கு, நல்ல தாளில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியவே வாய்ப்பில்லை.

கேள்வி: சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்கிறார்கள். எனக்கு அழுக்குப் பழுப்புதான் வருகிறது. என் கலவையில் என்ன தவறு?

பதில்: தவறு உங்கள் கலவையில் இல்லை, தேர்ந்த சிவப்பில் இருக்கிறது. எந்தச் சிவப்பும் வெறும் சிவப்பு அன்று. ஒன்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்று இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். பெட்டிகளில் வழக்கமாக இருக்கும் பளிச்சென்ற சிவப்பு ஆரஞ்சுச் சாயல் உடையது, அதாவது மஞ்சள் அதற்குள் மறைந்து நிற்கிறது. அதோடு நீலம் சேரும்போது மூன்று அடிப்படை நிறங்களும் ஒன்றையொன்று மங்கச் செய்து பழுப்பாகிவிடுகின்றன. மெஜந்தா சாயலுள்ள சிவப்போடு அல்ட்ராமரீன் நீலத்தைச் சேர்த்துப் பாருங்கள், தெளிவான கத்தரிப்பூ நிறம் எழும்.

கடையில் அதை எப்படி அடையாளம் காண்பது? டியூபின் முன்பக்கத்தில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். அதே பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு கலவையை அடைத்துத் தருகிறது. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் படியுங்கள். மெஜந்தாவுக்கு பி.ஆர்.122, அல்ட்ராமரீனுக்கு பி.பி.29, பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ நீலத்துக்கு பி.பி.15, சற்றே பச்சைப் பக்கம் சாய்ந்த குளிர்ந்த மஞ்சளுக்கு பி.ஒய்.154, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்புக்குப் பெரும்பாலும் பி.பி.ஆர்.7. ஒரே எண் மட்டும் உள்ள டியூபுகளாகத் தேர்ந்தால் கலவை கலங்காது. ஏற்கெனவே மூன்று நிறமிகள் உள்ள டியூபோடு இன்னொன்றைச் சேர்த்தால் எதிலிருந்து மங்கல் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த ஐந்தோடு ஆரஞ்சுச் சாயல் சிவப்பு ஒன்றையும் சேர்த்து ஆறு டியூபுகளை வைத்துக்கொண்டு, 36 நிறப் பெட்டியை ஓர் ஆண்டு மூடி வைக்கலாம்.

இரண்டு நீலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் தீட்டிக் காய விடுங்கள். அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் பள்ளங்களில் இறங்கி மணல் தூவியதுபோல் நிற்கும். தாலோ நீலம் சீராகப் பரவும். பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்துத் துடைத்தால் அல்ட்ராமரீன் பெருமளவு எழுந்து வரும், தாலோவோ கறையாகத் தங்கிவிடும். அல்ட்ராமரீனோடு பர்ன்ட் சியன்னாவைக் கூட்டியும் குறைத்தும் கலந்தால், நீலம் கலந்த மேகச் சாம்பல் முதல் ஏறக்குறையக் கருமை வரை ஒரு நீண்ட வரிசை கிடைக்கும். நிழல்களுக்குக் கறுப்பு டியூபை நாடும் பழக்கம் இதனால் தானாகவே விட்டுப்போகும்.

கேள்வி: வண்ணம் கலக்கும் பேலட்டில் சரியாகத் தெரியும் நிறம் படத்தில் வேறாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும் என்பது ஒரு காரணம், ஒரு துண்டுத் தாளில் தீட்டி, காய்ந்த பிறகு முடிவு செய்வது நல்லது. இரண்டாவது காரணம் அக்கம்பக்கத்து நிறங்கள். பாரிசின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அந்த நூலை ஒட்டி நெய்யப்பட்ட நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவாகப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஒரே சாம்பல் நிறத்தை ஆரஞ்சின் நடுவிலும் நீலத்தின் நடுவிலும் சிறு கட்டமாகத் தீட்டிப் பாருங்கள். முதலாவது நீலம் கலந்ததாகவும் மற்றது சற்று வெதுவெதுப்பாகவும் தெரியும். ஒரு நிறம் படத்தில் எடுபடவில்லை என்றால் அதைத் திருத்துவதற்கு முன் அதன் அயல் நிறங்களைக் கவனியுங்கள்.

கேள்வி: சுவரில் மாட்டிய ரோஜாப் படத்தின் சிவப்பு மட்டும் வெளுத்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போட்டும் பயனில்லை.

பதில்: பழைய அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர்.83, ஒளியில் மங்கும் நிறமி. கண்கூசும் ஒளிர் இளஞ்சிவப்புகளும் அப்படியே. சாதாரணக் கண்ணாடி இதைத் தடுக்காது. வாங்கும்போது ஒளித்தாங்குதிறன் 1 அல்லது 2 என்ற தரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் இருப்பவற்றை நீங்களே சோதிக்கவும் செய்யலாம்: ஒரு பட்டையில் எல்லா நிறங்களையும் தீட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதங்கள் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுக்கும்போது எந்த நிறத்தில் நடுக்கோடு தெரிகிறதோ, அந்த டியூபைப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.