ஐரோப்பிய ஒன்றியச் சட்டம்: மதுப்புட்டியிலிருந்து தொடங்குங்கள்

லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் படிப்பதும் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் வேலை. கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர்): அக்கா, ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தை முதல் ஷரத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இருபதாவதில் தூங்கிவிட்டேன். எங்கே தொடங்குவது?

பதில்: அப்படிப் படித்தால் யாராக இருந்தாலும் தூக்கம்தான் வரும். ஒப்பந்தத்தை மூடிவைத்துவிட்டு ஒரு மதுப்புட்டி வழக்கை எடுங்கள். காசிஸ் டி டிஜோன் என்பது பிரான்சில் கறுப்புக் கரன்ட் பழத்தில் செய்யும் இனிப்பு மது. அதில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். மேற்கு ஜெர்மனியிலோ அந்த வகைப் பழமதுவில் குறைந்தது 25 சதவீதம் இருந்தால்தான் விற்கலாம் என்று சட்டம். ஏன் என்று கேட்டதற்கு ஜெர்மன் அரசு சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: போதை குறைந்த மது சந்தையில் பெருகினால் மக்கள் குடிக்குச் சுலபமாகப் பழகிவிடுவார்களாம்! நீதிமன்றம் 1979இல் இதை ஏற்கவில்லை. ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரித்து விற்கும் பொருளை இன்னொரு நாடு தடுக்க வேண்டுமென்றால் வலுவான பொதுநலக் காரணம் வேண்டும், ஆல்கஹால் அளவு வாங்குபவருக்குத் தெரியத்தான் வேண்டும் என்றால் லேபிளில் எழுதினால் போதும் என்றது. உறுப்பு நாடுகளுக்குள் பொருள் தடையின்றிப் போய்வரும் ஒற்றைச் சந்தை என்ற முழுக் கட்டடமும் இந்தத் தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது. 1987இல் இதே அடி ஜெர்மன் பீர் சட்டத்துக்கும் விழுந்தது.

ஒரு எச்சரிக்கை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போடக் கூடாது என்ற ஷரத்து அந்தத் தீர்ப்பில் 30வது என்று இருக்கும். அதுவே பிறகு 28 ஆனது, 2009 முதல் 34. பழைய எண்ணைப் புதிய ஒப்பந்தத்தில் தேடிக்கொண்டு நான் ஒரு முழு மாலையை வீணாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐரோப்பிய கவுன்சில், ஒன்றியத்தின் கவுன்சில், ஐரோப்பாவின் கவுன்சில். மூன்றும் ஒன்றா?

பதில்: இல்லை. முதலாவதில் நாட்டுத் தலைவர்கள் கூடித் திசையை முடிவு செய்கிறார்கள். இரண்டாவதில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தோடு சேர்ந்து சட்டம் இயற்றுகிறார்கள். மூன்றாவது ஒன்றியத்தின் அமைப்பே அல்ல; 46 நாடுகள் கொண்ட தனி அமைப்பு, ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் அதைச் சேர்ந்தது. பெயர் வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும்.

கேள்வி (வழக்கறிஞர்): ஒன்றியத்துக்குப் படையும் இல்லை, போலீசும் இல்லை. 27 நாடுகள் ஏன் அதன் சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றன?

பதில்: நல்ல கேள்வி. உள்ளூர் நீதிபதிகளால்தான். 1963இல் ஒரு டச்சு நிறுவனம், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ரசாயனத்துக்குச் சுங்கவரியை 3 சதவீதத்திலிருந்து 8 ஆக்கியது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று வாதிட்டது. தனியார் ஒருவர் ஒப்பந்தத்தை நேரடியாகக் காட்டி உரிமை கேட்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் இத்தாலியின் மிலான் நகர வழக்கறிஞர் ஒருவர், மின்சாரத்தை நாட்டுடைமையாக்கியதை எதிர்த்துச் சொற்பத் தொகைக்கான மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அந்தச் சில்லறை வழக்கில்தான் ஒன்றியச் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்ற கோட்பாடே பிறந்தது. இரண்டிலும் உள்ளூர் நீதிமன்றம்தான் லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்டது. விளக்கம் வந்ததும் தீர்ப்பை எழுதுவது அந்த உள்ளூர் நீதிபதி. சொந்த நாட்டு நீதிபதியின் தீர்ப்பை அரசு மீறுவது அவ்வளவு சுலபமில்லை, பாருங்கள். ஆனால் எல்லா நீதிமன்றமும் தலையாட்டுவதில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி அரசுக் கடன்பத்திரம் வாங்கிய விவகாரத்தில், ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2020 மே மாதத்தில் லக்சம்பர்க் தீர்ப்பையே வரம்பு மீறியது என்றது.

கேள்வி (யாழ்ப்பாணம்): புலிகள் மீதான தடையை லக்சம்பர்க் நீதிமன்றம் நீக்கியது என்று இங்கே ஒருகாலம் பேச்சாக இருந்தது. உண்மையா அக்கா?

பதில்: பாதி உண்மை. 2014இல் பொது நீதிமன்றம் (லக்சம்பர்க் நீதிமன்றத்தின் கீழடுக்கு), ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் பெயரை வைத்திருந்த முடிவுகளை ரத்து செய்தது. ஒன்றியத்தின் கவுன்சில் செய்த மேல்முறையீடு 2017 ஜூலை 26இல் தள்ளுபடியானது. ஆனால் கோளாறு நடைமுறையில். கவுன்சில் இந்திய அதிகாரிகளின் முடிவைச் சான்றாக எடுத்தது. புலிகள் தரப்பின் தற்காப்பு உரிமை இந்தியாவில் காக்கப்பட்டதா என்று பார்த்ததாகக் காரணங்களில் எழுதவில்லை. அமைப்பு பயங்கரவாத அமைப்பா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை. பெயர் பிற்கால முடிவுகளின் மூலம் பட்டியலில் தொடர்கிறது. தலைப்புச் செய்தியை நம்பாமல் தீர்ப்பை வாசியுங்கள். யூர்-லெக்ஸ் என்ற ஒன்றியத்தின் சட்டத் தளத்தில் இலவசம்.

கேள்வி: பிரெஞ்சு கட்டாயமா?

பதில்: தீர்ப்புகளைப் படிக்கப் பிரெஞ்சு தேவையில்லை, ஆங்கிலம் போதும். லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குள் வேலை பார்க்க ஆசை என்றால் வேண்டும். நீதிபதிகள் தங்களுக்குள் விவாதிப்பது பிரெஞ்சில்.

கேள்வி: உதவித்தொகை கிடைக்குமா? முடித்துவிட்டு அங்கேயே வக்கீல் ஆகலாமா?

பதில்: ஒன்றியம் பணம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலைத் திட்டங்களைப் பாருங்கள், தேர்வானால் மாதம் 1,400 யூரோ. சட்டமும் பொருளாதாரமும் சேர்ந்த படிப்பும் அதில் உண்டு, சந்தையில் ஆர்வமிருந்தால் என் ஓட்டு அதற்குத்தான். வக்கீல் கனவு வேறு கதை. ஒரு வருட எல்எல்எம் (சட்ட முதுகலை) பட்டத்தை வைத்து ஜெர்மனியிலோ பிரான்சிலோ கறுப்பு அங்கி போட முடியாது. ஏஜென்ட் யாராவது முடியும் என்றால் பணம் கட்டாதீர்கள்.