வெள்ளை பாஸ்போர்ட்டா, நீலமே போதுமா?

வணக்கம் சார். திருவாரூர் வேளாண்மைத் துறையில் இருக்கிறீர்கள், வியட்நாமில் நெல் பயிற்சிக்கு அரசே அனுப்புகிறது, கையில் நீல பாஸ்போர்ட் இருக்கிறது, அதுவே போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீலம் எல்லோரும் வாங்கும் சாதாரண பாஸ்போர்ட். அரசுப் பணிக்காக அரசு ஆணையோடு போகிறவர்களுக்குத்தான் வெள்ளை, அதாவது அலுவல் பாஸ்போர்ட். உங்களுக்கு அது பொருந்தும். ஆனால் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் சாதாரண விண்ணப்பம் போடுவதுபோல் நீங்களாகப் போட்டு முடிக்கிற வேலையில்லை இது. பயண ஆணை, துறையின் பரிந்துரைக் கடிதம், வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி (இந்தப் பயணத்துக்கு ஆட்சேபமில்லை என்ற ஒப்புதல்), மூன்றும் வேண்டும். இழுப்பதெல்லாம் அந்த அனுமதிதான். கோப்பு சென்னையில் எந்த மேசையில் இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். கூச்சப்பட்டால் பயிற்சி முடிந்துவிடும்!

நீல பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வாங்க அதுதான் ஆதாரம்.

விசா? வெள்ளை பாஸ்போர்ட்டுக்கு வியட்நாமோடு விலக்கு ஒப்பந்தம் உண்டு. எத்தனை நாளுக்கு என்பதைத் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், சிங்கப்பூரில் மகள் வீட்டையும் பார்த்துவிட்டு வரலாமா என்ற கேள்வி. வெள்ளையில் கூடாது சார். சொந்தப் பயணத்துக்கு நீலம்தான், அதற்குத் தனியாகத் துறை அனுமதியும் வேண்டும்.