பனி உருகினால் ஏரி ஏறும் என்கிறார்கள். நம்ம காவிரியில் தண்ணீர் ஏறப்போவது பரிசல்காரர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளூர் மழையைப் பார்த்தால் போதாதா?

போதாது. உள்ளூர் வானத்தை நம்பி நான் ஒரு பரிசலை இழந்தவன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வெளிநாட்டு ஏரியில் படகு ஓட்டிப் பழகிவிட்டு, லீவுக்கு ஒகேனக்கல் வர நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம் நாகமரை. மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் காட்டு ஓரம் வரைக்கும் நிற்கும். எதிர்க்கரை பண்ணவாடி, அது சேலம் மாவட்டம். அப்பா பரிசல் ஓட்டினார், நான் பரிசலில் போய் வலை போடுகிறேன்.

முதலில் பனி. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றில் லேக் பவல் என்று ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்கு ராக்கி மலைப் பனிதான் சோறு. குளிர்காலம் முழுக்க மலையிலேயே கட்டிக் கிடந்து, ஏப்ரலுக்கு மேல் ஜூலை வரை உருகி இறங்கும். பனியை அளந்து பார்த்து, இந்த வருஷம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஒரு கணக்குச் சொல்லிவிடுவார்கள். பனி குறைந்த வருஷங்களில் அங்கேயும் கஷ்டம்தான். 2021-ல் படகு இறக்கும் சரிவுத் தளங்கள் பலவற்றை மூடவேண்டி வந்தது.

காவிரிக்குப் பனி கிடையாது. குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் பெய்கிற தென்மேற்கு மழைதான். அந்த மழையைப் பிடித்து வைப்பது கர்நாடகத்தில் இருக்கிற கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜசாகர்) அணையும் கபினி அணையும். அவற்றில் இடம் இருக்கும்வரை நமக்குக் கொஞ்சம்தான் வரும். கே.ஆர்.எஸ். 124 அடியை நெருங்கிவிட்டால் அப்புறம் அங்கே பெய்வதெல்லாம் நமக்குத்தான். திறந்துவிட்ட தண்ணீர் இரண்டு மூன்று நாளில், மாநில எல்லையில் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவுக்கு வந்து, ஒகேனக்கல் தாண்டி எங்களிடம் வந்துவிடும். அந்த நாளில் இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

2024 ஜூலைத் தொடக்கத்தில் மேட்டூரில் 40 அடி அளவுதான் தண்ணீர். அணைக்குள்ளேயே கம்பும் கடலையும் போட்டிருந்தார்கள். தண்ணீர் ஓரத்துக்குப் போக வெகுதூரம் நடக்கவேண்டும் என்பதால் பரிசலைக் கீழேயே விட்டுவிட்டு வருவேன். ஒரு சாயங்காலம் ஒரு வேலிக்காத்தான் தூரில் இரண்டு முழக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தேன். அன்று பொட்டு மழை இல்லை, மேகமும் இல்லை. விடிந்து போய்ப் பார்த்தால் தண்ணீர் நான் நின்ற இடத்துக்கு மேலே ஏறிக் கிடக்கிறது. வேலிக்காத்தானின் நுனி மட்டும் ஆடுகிறது. பரிசல் மிதக்கவில்லை. கயிறு விட்டுக்கொடுக்காததால் ஒரு பக்கம் கீழே இழுபட்டு, தண்ணீர் மொண்டு, கவிழ்ந்து உள்ளே போயிருந்தது. தார் பூசிய விளிம்பு ஒரு சாண் அளவுக்குப் பிறை மாதிரி மேலே தெரிந்தது. நான் மூழ்கி முடிச்சைத் தேடுவதற்குள் அதுவும் மறைந்துவிட்டது. வலை இரண்டும் அதோடு போயின.

“கயித்தைத் தாராளமா விடுடா, தண்ணி சொல்லிட்டு வராது” என்று அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த மாதம் ஒரே நாளில் ஏழெட்டு அடி ஏறிய நாள்கள் உண்டு. ஜூலை 30-ல் அணை 120 அடி நிரம்பிவிட்டது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் எட்டரை டி.எம்.சி.க்கு (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) மேல் சேரும். அடியில் குறுகலான பாத்திரம் மாதிரிதான் அணையும், தண்ணீர் குறைவாக இருக்கும்போது வேகமாக ஏறும். மேலே போகப் போகப் பரந்துவிடுவதால் அதே வரத்துக்கு மெதுவாகத்தான் ஏறும்.

உள்ளூர் மழையே கணக்கில்லை என்று நான் சொன்னதாகச் சண்டைக்கு வரவேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெய்தால் சின்னாறு வழியாகச் செந்தண்ணீர் ஒகேனக்கலில் வந்து சேரும். ஆனால் அது மழையோடு வரும், கண்ணுக்குத் தெரியும். மேலே அணை திறந்தது தெரியாது. கர்நாடகத்தைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. நிரம்பிய அணையை யாராக இருந்தாலும் திறக்கத்தான் வேண்டும்.

ஏறும் தண்ணீருக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். இறங்கும் தண்ணீர்தான் பரிசலைக் கிழிக்கும். அணை கட்டியபோது மூழ்கிய பண்ணவாடிக் கோயில் நந்தி முழுசாக வெளியே நிற்கும்போது பயமே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடலாம். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே மறைந்திருக்கிற நாளில்தான் ஆபத்து. பாறையும் பழைய சுவர்களும் அப்படித்தான்.

இன்னொன்று மனசில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வந்தால் ‘பரிசல் இயக்கத் தடை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்’ என்று செய்தி போடுகிறார்கள். தடை சரிதான், உயிர் முக்கியம். ஆனால் ஒகேனக்கல் பரிசல் துறையான கோத்திக்கல்லில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் வருமானமில்லாமல் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று ஒருவரும் கேட்டு எழுதுவதில்லை. தடை நீங்கிய மறுநாளே வந்து கூலியில் பேரம் பேசுகிறவர்களையும் பார்க்கிறோம்.

சரி, நீங்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வருவதாக இருந்தால், கிளம்பும் முந்தின நாள் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி, கே.ஆர்.எஸ்.ஸும் கபினியும் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். தினமும் செய்தியில் வருகிறது. நானும் இப்போது சாயங்காலம் அதைப் பார்த்த பிறகுதான் கயிறு எத்தனை முழம் விடுவது என்று முடிவு செய்கிறேன்.