வேர்ச்சொல் காப்பாற்றுமா?

கேள்வி: வசைச் சொற்கள் என்று நாம் முகம் சுளிப்பவற்றில் பல ஆதியில் நல்ல சொற்கள். 'தேவடியாள்' என்றால் தேவனுக்கு அடியவள். 'ஹரிஜன்' என்றால் கடவுளின் பிள்ளை. வேர்ச்சொல் தெரியாமல் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். இது தமிழறியாமை அல்லவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பாதி பதில் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

சரி, வேர்ச்சொல்லுக்கே வருவோம். 'நாற்றம்' ஒரு காலத்தில் நல்ல மணம்தான். 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் சங்கிடம் கேட்டது மாதவனின் வாய் மணத்தைப் பற்றி. அதை நம்பி, அடுத்த முறை சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது "உங்கள் கூடம் நன்றாக நாறுகிறது" என்று சொல்லிப் பாருங்களேன். திவ்வியப் பிரபந்தத்தையும் கையோடு கொண்டு போங்கள், தேவைப்படும்.

தேவரடியார் கதை அவ்வளவு சிரிப்பானது அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் அவர்கள் கோயிலுக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள், நிலம் கொடுத்திருக்கிறார்கள், பொன் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவரின் பெயரும் கல்லில் இருக்கிறது. அப்புறம் கோயிலின் வருமானமும் மரியாதையும் கைமாறின. தெய்வத்தின் பெயரால் பொட்டுக் கட்டி, அதாவது தாலி கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் ஊர்ப் பெரிய மனிதர்களை அண்டிப் பிழைக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுப் படியேறிய மிராசுதாரருக்கு 'மைனர்' என்று செல்லப் பெயர் கிடைத்தது; வசை முழுக்கப் பெண்ணின் தலையில் விழுந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். 'அடியார்' என்ற அதே சொல் ஆண்களிடம் போய் 'சிவனடியார்' என்று இன்றும் திருநீறு மணக்க நிற்கிறது. சொல் தானாகக் கெட்டுப்போகவில்லை ஐயா, கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். உங்கள் ஊர்ப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவரே அந்தக் கொடுமையின் நிழலில் வளர்ந்தவர். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டு போயிற்று, வசை மட்டும் தெருவில் தங்கிவிட்டது. அதை இன்று வீசுகிற எவனும் கல்வெட்டைப் படித்துவிட்டு வீசுவதில்லை.

'ஹரிஜன்' உங்கள் வாதத்துக்கு இன்னும் ஆகாத உதாரணம். அதை ஒருவரும் வசையாகத் தொடங்கவில்லை. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குக் காந்தி நல்லெண்ணத்தோடுதான் அந்தப் பெயரைப் பரப்பினார். 1933-இல் அதே பெயரில் வார இதழும் தொடங்கினார். ஆனால் யாருக்கு வைத்தாரோ அவர்களைக் கேட்டு வைத்த பெயரில்லை அது. அம்பேத்கர் அப்போதே ஏற்கவில்லை. நாங்கள் கடவுளின் பிள்ளைகள் என்றால் மற்றவர்கள் யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வியும் எழுந்தது. பெயர் மாறியதே தவிர, தேநீர்க் கடையில் தனிக் குவளை மாறவில்லை. கொஞ்ச நாளில் அந்த இனிப்பான பெயருக்குள்ளும் பழைய இளக்காரம் குடியேறிவிட்டது. அழைக்கப்படுகிறவர்கள் 'அப்படிக் கூப்பிடாதீர்கள்' என்று சொல்லிப் பல வருடம் ஆயிற்று. நீங்கள் எதற்கு அகராதியைத் தூக்கிக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகிறீர்கள்?