பண்புசார் ஆய்வு என்றால் என்ன? நோய், முதுமை, சாவு பற்றி ஆராய அது எதற்கு?

எண்களை மட்டும் சேர்க்காமல், மக்களிடம் நிதானமாகப் பேசி, கூட இருந்து கவனித்து, ஒரு விஷயத்தை அவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பண்புசார் ஆய்வு.

கல்யாணப் பந்தியில் எத்தனை இலையில் பாயசம் மிச்சம் என்று எண்ணிவிடலாம். திகட்டியதா, சர்க்கரை நோயா என்பது சாப்பிட்டவரைக் கேட்டால்தானே தெரியும்?

லாஸ் ஏஞ்சல்ஸில் 800 முதியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. முற்றிய புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லலாமா என்பது அதில் ஒரு கேள்வி. ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம் பேர் 'சொல்ல வேண்டும்' என்றார்கள். கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம்தான். சரி, ஏன் இவ்வளவு வித்தியாசம்? அதை அந்த எண்கள் சொல்லவில்லை. அப்புறம் அவர்களில் சிலரோடு விரிவாகப் பேசியபோதுதான் காரணம் பிடிபட்டது. ஒரு தரப்புக்கு உண்மை என்பது தன் முடிவைத் தானே எடுக்க உதவும் பலம். இன்னொரு தரப்புக்கோ அது நோயாளியின் தெம்பைக் குலைக்கும் கொடுமை. அந்தப் பாரத்தைக் குடும்பம் சுமப்பதுதான் அன்பு. நம் ஊரிலும் 'அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்' என்பது புதிதா என்ன! இது தெரியாத மருத்துவர், குடும்பம் எதையோ மறைக்கிறது என்றே நினைப்பார்.

'நாலு பேரிடம் பேசிவிட்டு ஒரு இனத்தையே இப்படித்தான் என்கிறார்களே' என்று பலர் கேட்பதுண்டு. இவ்வகை ஆய்வு அப்படிச் சொல்வதில்லை, எத்தனை பேர் என்று கணக்கிடுவதும் அதன் வேலையல்ல.